எடைமேடை, இரண்டு மணி

இரண்டு மணிக்கு அது அணைந்துவிடும்,
சொல்லிவைத்தாற்போல.
தொண்ணூற்றாறு டிகிரி என்று மூலையில் காட்டும்,
உள்விசிறி ஒருமுறை கத்தும்,
பிறகு கறுப்புத் திரையில் என் முகம்,
வாயில் பாதி கடித்த கறிபஃப்.

வெளியே எடைமேடையில்
பதினோரு டன் செம்பனைக் குலையோடு ஒரு லோரி.
பின்னால் நான்கு.
ஊத்தான் மெலிந்தாங் சாலைவரை வால்.
தவசீலன் ஜன்னலைத் தட்டமாட்டான்.
இருக்கையைச் சாய்த்துக் காலை மேலே போடுவான்.
லொம்போக்கிலிருந்து வந்த மர்சூக்கி
டயர் நிழலில் குந்தி ஊருக்குப் பேசுவான்.
"கிராணி, உங்க பொட்டி மயக்கம் போட்டிருச்சா?"
போட்டிருச்சு. பத்து நிமிஷம்.

ஜன்னலைத் திற என்றார்கள்.
திறந்தேன். ஆலைப் புகை வந்து உட்கார்ந்தது.
இரண்டு பால் டின்மேல் ஏற்றிவைத்தேன்;
இரண்டு மணி இரண்டு பத்தானது, அவ்வளவுதான்.
மேசை விசிறியைத் திருப்பினேன்;
எடைச் சீட்டுகள் பறந்தன, மூன்று இன்னும் கிடைக்கவில்லை.
புதுசு அடுத்த பட்ஜெட்டில் என்றார் மிஸ்டர் லாவ்,
தன் ஏர்கோன் அறையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை
ஆ கியோங் கடையில் ஏழு ரிங்கிட்டுக்கு ஒரு குட்டித் திருப்புளி.
சமையல் மேசையில் கவிழ்த்துப் போட்டேன்.
பதினோரு திருகாணி.
சீட்டின் முதுகில் அதன் அடிவயிற்றை வரைந்து
எது எங்கிருந்ததோ அங்கேயே குத்தி நிறுத்தினேன்.
மூடி பிரிந்த சத்தத்தில்
வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

உள்ளே நான் எதிர்பார்த்தது தூசி.
இருந்தது ஒரு படுக்கை.
செம்பனை நார், ஆலைக்கரி, என் தலைமுடி,
விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே
சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம்.
ஆறு வருஷமாக நான் நிறுக்காத சரக்கு.
பல்குச்சியால் இதழைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு
ஊதினேன், தும்மினேன், மறுபடி ஊதினேன்.
சில்லின்மேல் இருந்த பசை
காய்ந்த மருதாணியாய் உதிர்ந்தது.
பற்பசை தடவு என்றான் தம்பி.
உன் பல்லில் தடவு என்றேன்.
எட்டு ரிங்கிட் தொண்ணூறு சென்னுக்கு
வரவழைத்திருந்த பசையில் ஓர் அரிசி அளவு,
அதற்குமேல் இல்லை.
பத்துத் திருகாணி ஏறின.
பதினொன்றாவதுக்குச் சீட்டில் இடம் இருந்தது,
மூடியில் இல்லை.

திங்கள். இரண்டு மணி. ஐம்பத்தெட்டு.
இரண்டேகால். ஐம்பத்தொன்பது.
விசிறி ஓடுகிறதா என்று
காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.
லோரி ஏறியது, நிறுத்தேன், இறங்கியது.
லோரி ஏறியது, நிறுத்தேன், இறங்கியது.
டயர்ப் பக்கம் குந்தப்போன மர்சூக்கி
பாதியில் நிமிர்ந்து ஓடினான்.
"இன்னிக்கு மயக்கம் இல்லியா, கிராணி?"
சரி பண்ணிட்டேன் என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.
தவசீலன் "ஓ" என்றான்.
சீட்டை நான்காக மடித்தான், எட்டாக மடித்தான்,
பின்னால் ஹார்ன் அடித்த பிறகே சட்டைப்பையில் வைத்தான்.

சாயங்காலம் மிஸ்டர் லாவ் அழைத்தார்.
எண்ணிக்கை நல்லாயிருக்கே,
நாளையிலிருந்து ஆளுக்கு ஒரு நடை கூட.

பதினொன்றாவது திருகாணி
இழுப்பறையில் பேனா மூடிக்குள் கிடக்கிறது.

புதன். இரண்டு மணி. ஐம்பத்தேழு டிகிரி.
திரையைப் பாதி மடக்கிவிட்டு
ஜன்னலில் கையைக் குறுக்கே ஆட்டினேன்.

முதல் லோரியின் இருக்கை
கிறீச்சென்று பின்னுக்குச் சாய்ந்தது.