தங்களது பதினாறாம் திகதிக் கடிதம் தொடர்பாக

ஐயா,
கடிதம் கிடைத்தது. மழை ஈரத்தில் உறை ஒட்டிப்போய்
அதட்டலில் ஒரு வரி கிழிந்துவிட்டது;
மிச்சத்துக்கு மட்டும் பதில்.

ஆம், பூட்டை உடைத்தது நான்தான்.
திறப்பு விழாவுக்கென்று சீல் வைத்த அறையில்
பதினொரு கணினிகள்
இரண்டு மழைக்காலம் காத்திருந்தன.
நாடா வெட்ட வேண்டியவர் வரவில்லை.
பூஞ்சணம் வந்தது, அழைப்பிதழ் இல்லாமலே.

நேரசூசியை மாற்றியதும் நான்தான்.
ஃபெக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கினால்
எங்கள் மின்சாரத்துக்கு மூச்சிரைக்கும்.
ஆகவே கணினிப் பாடம் காலை ஏழு பத்துக்கு,
காலைக் கூட்டம் பத்தரைக்கு.
தேவாரத்துக்குக் கரண்ட் தேவையில்லை.
சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

மனையியல் படிப்பிக்கும் திலகேஸ்வரி டீச்சர்தான்
கணினியும் படிப்பிக்கிறார். தகைமை கேட்டிருந்தீர்கள்.
முதல் நாள் மவுஸைப் பிடித்தபோது
கை நடுங்கியதைப் பிள்ளைகளிடமே சொன்னார்.
வேறு சான்றிதழ் அவரிடம் இல்லை.

இனி, அந்த அட்டவணை.
ஒன்பதாம் தரப் பயிற்சியில்
யாரோ ஒருவர் அப்பிள் விற்கிறார், இலாபம் கூட்டச் சொல்கிறார்கள்.
அப்பிள்காரருடைய இலாபத்தில்
எங்கள் பிள்ளைகளுக்கு அக்கறை வரவில்லை.
நான் மாற்றிக் கொடுத்தேன்:
அம்மாவின் கொழுந்து.
மலையில் நிறுத்த கிலோ ஒரு நிரலில்,
செக்ரோலில் விழுந்த கிலோ பக்கத்து நிரலில்.

கழித்தல் சூத்திரத்தைத் தட்டியவன்
மோகனவேல், கடைசி வாங்கு.
திரையில் மூன்று. மூன்று. மூன்று.
மழை நாளில் ஐந்து.
"மிஸ், மெஷின்ல ஏதோ பிழை" என்றான்.
அணைத்துப் போட்டுத் திரும்பவும் தட்டினோம்.
மூன்று. மூன்று.

தோட்டத்துத் துரை தங்களிடம் சொன்னதுபோல
யாரையும் நான் தூண்டிவிடவில்லை.
பாடத்திட்டத்தில் இருக்கிறது, விரிதாள் என்று.
மூன்று தாய்மார் பிரதி கேட்டார்கள், கொடுத்தேன்.
அடுத்த நாள் பெரட்டு முடிந்து
அறுபத்திரண்டு பேர்.
மை தீர்ந்துவிட்டது.

யாரிடம் அனுமதி பெற்றீர் என்று கேட்டிருக்கிறீர்கள்.
இங்கே சிக்னல்
தண்ணீர்த் தாங்கிக்கு மேலுள்ள பாறையில் மட்டும்தான்.
ஏறி நின்று தங்கள் பணிமனைக்கு நான்கு தடவை எடுத்தேன்.
நான்கு தடவையும் மணி அடித்தது.
எடுத்தது அட்டைகள்தான், கணுக்காலில்.

இத்துடன் இணைத்திருப்பவை:
நேரசூசியின் பிரதி,
உடைந்த பூட்டு (திறப்பு தங்களிடமே இருக்கிறது),
கறுப்பு மைக்கான கோரிக்கை, மூன்றாவது தடவையாக.

சொல்ல மறந்தேன்.
போன கிழமை ஏழாம் நம்பர் மலைக்குப்
புதுத் தராசு வந்திருக்கிறது.
அந்த நிரலில் இப்போது பூச்சியம் விழுகிறது.
மோகனவேலுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை,
தினமும் ஏழு பத்துக்கு வந்து
தட்டிப் பார்க்கிறான்.

இப்படிக்கு,
இ. ஜெகதாம்பிகை
பதில் அதிபர்
மேல்மூங்கில்தோட்டத் தமிழ் வித்தியாலயம்
பொகவந்தலாவ