ஐம்பது லிட்டர்

ஜனவரி. ஃபர்வானியா. காலை ஐந்தே கால்.
ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிகிறது,
தண்ணீர் மட்டும்
இரவெல்லாம் மொட்டைமாடியில் கிடந்த குளிரோடு வருகிறது.
பாதி நனைந்த பையன் துண்டோடு நின்று கத்துகிறான்.
பள்ளிப் பேருந்துக்கு இருபது நிமிடம்.
இட்லிப் பானையில் வெந்நீர் வைத்தேன்,
அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

எங்களுடையது என்றும் சொல்ல முடியாது அதை.
முன்னால் இருந்த ஆந்திரக் குடும்பம்
ஊரோடு போகிறோம் என்று
திரைச்சீலை, இரும்புக் கட்டில், ஹீட்டர்
மூன்றையும் முப்பது தினாருக்கு விட்டுச்சென்றது.
அவர்கள் குழந்தை ஒட்டிய பட்டாம்பூச்சி
ஒற்றை இறக்கையோடு இன்னும் அதன் வயிற்றில்.
அப்போதே அது பழசு.
நாங்கள் வந்து பதினொரு வருடம்.

காவலர் அப்துல் மௌலா எட்டிப் பார்த்து
'இது கட்டிடத்துச் சொத்தில்லை மேடம்' என்றார்.
கட்டிடத்துச் சொத்தான லிஃப்ட்
ஓடுவதில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை.

மொஃபிஸுல் நாலு மாடி ஏறி வந்தார்.
எலிமெண்டைக் கழற்றினார்,
சுண்ணாம்பு பூத்துப் பவளம்போல் இருந்தது.
பிறகு நீளமாய் ஒரு கம்பியை உருவினார்.
'புதுசில் இது கட்டைவிரல் மொத்தம்.
தண்ணீர் எதையாவது தின்றாகணும், அக்கா.
இதைத் தின்னட்டும், தொட்டியை விடட்டும் என்று
கம்பெனிக்காரன் உள்ளே வைக்கிறான்.'
இந்தியில் பாதி, அரபியில் பாதி.
கையில் வாங்கிப் பார்த்தேன்.
காது குடையும் அளவுக்கு மிச்சம் இருந்தது.

நான் கணக்கர். காகிதத்தை எடுத்தேன்.
எலிமெண்ட் நாலு, தெர்மோஸ்டாட் மூன்று,
கம்பி இரண்டரை, கூலி ஐந்து.
பதினாலரை தினார்.
தொட்டி ஓட்டை விழுந்தால் அத்தனையும் சாக்கடைக்கு.
புதுசு முப்பத்தெட்டு. பொருத்துவது இலவசம்.
ஐந்து வருட உத்தரவாதம்.

ஐந்து என்ற இடத்தில் பேனா நின்றது.
என் இக்காமா மார்ச்சில் முடிகிறது.
சவரிராஜின் ஒப்பந்தத்தை
மூன்று மூன்று மாதமாக நீட்டுகிறார்கள்.
பையனுக்குப் பிளஸ் டூ முடிய இரண்டு வருடம்.
இந்த வீட்டில்
ஓர் இயந்திரத்துக்கு மட்டும் ஐந்து வருடமா?

மினா அப்துல்லாவில் ஷிஃப்டில் இருந்தார். கூப்பிட்டேன்.
'புதுசு வாங்கிடு.'
அரை நிமிடம் கழித்து,
'போறப்போ எடுத்துட்டுப் போலாமா?'
'தூத்துக்குடிக்கா? ஹீட்டரையா?'
சிரித்தோம்.
பின்னால் யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்,
வைத்துவிட்டார்.

இன்னொன்றும் கணக்கில் உண்டு.
ஜூன் வந்தால் இந்த ஊரில்
பச்சைத்தண்ணீர்க் குழாய் கையைப் பொசுக்கும்.
அப்போது ஹீட்டரை அணைத்துவிட்டுச்
சிவப்புக் குழாயைத் திறப்போம்.
வீட்டு நிழலில் கிடந்த ஐம்பது லிட்டரும்
இதமாய் இறங்கும்.
சூடாக்கிய மாதங்களைவிட
சும்மா இருந்த மாதங்களில்தான்
அது எங்களை அதிகம் காப்பாற்றியது.
இதை எங்கே எழுதுவது,
பற்றிலா, வரவிலா?

மொஃபிஸுல் தொட்டியை மூன்று இடத்தில் தட்டினார்.
காதை வைத்துக் கேட்டார்.
'சொல்ல முடியாது' என்றார்.
'ரெண்டு வருஷம் வரலாம். வராமலும் போகலாம்.'
புதுசு விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு,
எனக்கும் தெரியும்.
அந்தச் 'சொல்ல முடியாது'வை நம்பித்தான்
பதினாலரையை எண்ணிக் கொடுத்தேன்.

போகும்முன் மார்க்கரை எடுத்துப்
பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு தேதி எழுதினார்,
அடுத்த கம்பி மாற்ற வேண்டிய நாளாம்.
வங்காள எண்கள்.
எட்டு போல் ஒன்று, ஒன்பது போல் ஒன்று.
'படித்துச் சொல்லவா?' என்றார்.
'வேண்டாம், இருக்கட்டும்.'

சாயங்காலம் பையன் கதவைச் சாத்திக்கொண்டு
ஐம்பது லிட்டரும் தீரும்வரை குளித்தான்.
நான் தட்டவில்லை.