துடைப்பக்கட்டைக்கு ஒரு பதில்

திரு. க்ராவுஸ்னிக்,
உங்கள் சீட்டு தபால்பெட்டியில் கிடைத்தது.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம், பென்சிலில், ஒரே வரி:
இந்த ஜாஸை எங்கிருந்து தொடங்குவது?
நான்கு வருசம் என் தரையை,
அதாவது உங்கள் கூரையை,
துடைப்பக்கட்டையால் இடித்தவர் கேட்கிற கேள்வியா இது?

நியாயம் உங்கள் பக்கம்தான்.
எனக்கு வேலை முடிவது இரவு பதினொன்றுக்கு.
நீங்கள் விடிய நாலரைக்கு எழும்பவேண்டும்.

வாசலில் ஐந்து தட்டுகள் வைத்திருக்கிறேன்.
பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல்
ஒவ்வொன்றுக்கும் பழுப்புத்தாள் உறை.
பெயர் தெரிந்தால் தேடிப் படிப்பீர்கள்.
படித்தவன் காது அரைக்காது.

கோப்பிக்கறை உள்ளதை முதலில் போடுங்கள்.
எல்லோரும் முதலில் கொடுப்பது இதைத்தான்.
எல்லோரும் சொல்வதால் ஒன்று பொய்யாகிவிடாது.
ட்ரம்பெட் அதிகம் பேசாது.
பேச வாயெடுத்து வேண்டாமென்று விடுகிற இடங்களில்
பக்கத்து அறையில் யாரோ விளக்கை அணைப்பதுபோல் இருக்கும்.
வேலைவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கேளுங்கள்.

இரண்டாவதில் ட்ரம்ஸ்.
எங்கள் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால்
பாதிச் சபை கோப்பிக்கு எழும்பும்.
எழும்பாதீர்கள்.
கம்பிக் குச்சத்தால் அவர் தோலை வருடுகிறபோது
சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம்.
அடுத்தது மாவு என்று காத்திருப்பீர்கள்.
வராது. அதுதான் விசயம்.

மூன்றாவதில் ஒரு பெண் பாடுகிறாள்.
இதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நான்காவது ஒரு மதுக்கடையில் பதிந்தது.
கிளாஸ்கள் முட்டும், யாரோ இருமுவார்.
இரண்டாம் பக்க நடுவில் ஒருத்தி சிரிப்பாள்.
பியானோக்காரர் ஒரு சுரம் பிந்துவார்.
சுரத்தை அல்ல, அந்தப் பிந்தலைக் கேளுங்கள்.

ஐந்தாவதைத் தெரியும் உங்களுக்கு.
மூன்று சாக்ஸபோன், ஒன்றுக்கும் மற்றதில் நம்பிக்கையில்லை.
முதன்முதல் நீங்கள் இடித்தது இதற்குத்தான்,
அந்தப் பெப்ரவரியில், பொழிந்த பனியில்.
இந்த வூப்பர்டாலில் இப்படி உரத்து ஊதியவர்கள் உண்டு.
ஒரு மாதம் பொறுத்துப் போடுங்கள்.
பிடிக்காவிட்டால் குற்றம் உங்களுடையதல்ல,
என்னுடையதும் அல்ல.

ஸ்விங் என்றால் என்னவென்று கேட்பீர்கள்.
தமிழில் தேடிப் பார்த்தேன்.
ஊசல், ஊஞ்சல், அசைவு. ஒன்றும் ஒட்டவில்லை.
நீங்கள் தொங்குரயில் ஓட்டுகிறீர்கள்.
வளைவில் பெட்டி வெளிப்பக்கம் சாய்ந்து
ஆற்றின்மேல் ஒரு கணம் தயங்கி
திரும்பி வருகிறதே,
தயங்குகிற அந்தக் கணம்தான்.
மற்றதெல்லாம் தண்டவாளம்.

இன்னொன்று. நான்கு வருசமாகச் சொல்லாதது.
கோபத்தில் இடிக்கிறவர்கள் முதலடியில் இடிப்பார்கள்.
நீங்கள் இரண்டிலும் நான்கிலும் இடித்தீர்கள்.
தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
போன மார்கழியில் ஒரு தட்டு
திடீரென்று ஏழடிக் கணக்குக்குத் தாவியது.
உங்கள் கட்டை மூன்று சுற்றுத் தடுமாறியது.
நாலாம் சுற்றில் நீங்களும் தாவினீர்கள்.
நான் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தேன்.
அன்றைக்கு ஒலியைக் குறைத்தது உங்களுக்காக அல்ல,
உங்களைக் கேட்பதற்காக.

ஆறாவதைத் தரமாட்டேன்.
ஃபோவிங்கெல் சந்தையில், மழையில்,
குடையை விற்பவனிடமே விட்டுவிட்டு வாங்கியது.
அதைக் கேட்க நீங்கள் மேலே வரவேண்டும்.
கட்டையைக் கொண்டுவந்தாலும் பரவாயில்லை.

ஊசியைத் துடைத்துவிட்டு வையுங்கள்.
விளிம்பில் பிடியுங்கள், விரல் நடுவில் படவேண்டாம்.
தட்டுகளை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள்.
மூன்றாவதை முதலில் திருப்பித் தாருங்கள்.

மேல்வீடு,
யசோதரா