பெயரட்டைகள் போன பின்

மார்கழி வெள்ளம் களுதாவளையில்
முழங்காலுக்கு மேலே இரண்டு இரவு நின்றது.
சட்டிகள் மிதந்தும் மிஞ்சின.
பெயர் எழுதிய அட்டைகள்தான்
நவமணி வீட்டு வேலிக்கம்பியில்
மை கரைந்து
மீன்செதில் மாதிரி ஒட்டிக் கிடந்தன.

பூவொன்றும் இல்லாத மாதம்.
குகதாசனிடம் சொன்னேன், வேரிலிருந்து தொடங்கு.

ஒரே தண்டில் மேலே மேலே ஏறி
காற்றில் வேரைத் தொங்கவிட்டால் வண்டா,
அதைக் கம்பியில் கொழுவு.
பக்கவாட்டில் நடந்து நடந்து
கரும்புக் கணுவாய்த் தடித்தது டென்ட்ரோபியம்.
குமிழே இல்லாமல் மாட்டு நாக்கு இலை என்றால்
ஃபலனொப்சிஸ்.
அதில் வேர்நுனி சிவந்திருந்தால் நிறப் பூ,
பச்சையென்றால் வெள்ளை என்பார்கள்.
நான் இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன்.

கட்லியாவில்
குமிழுக்கு ஓரிலையா ஈரிலையா என
எண்ணிக்கொண்டே வந்தவன்
ஒரு சட்டியில் நின்றான்.
"அக்கா, இதுல ஒண்டும் இரிக்கு, ரெண்டும் இரிக்கு."

புதுக் குமிழில் இரண்டு. பழையதில் ஒன்று,
உதிர்ந்த தழும்புகூட இல்லை.
காய்ந்த உறையை நகத்தால் உரித்தேன்,
மணந்தும் பார்த்தேன்,
ஈரத் தும்பு வாசம்தான்.
உதடு விரிந்தால்தான் வழக்குத் தீரும்.
வைகாசி ஆகலாம்.

இரண்டு கும்பலுக்கும் நடுவே அதை வைத்து
புது அட்டையில்
'பொறு' என்று எழுதிக் குத்தினேன்.

நேற்று மகிழூரிலிருந்து வந்த ஒருத்தி
இலையைத் தடவி, குனிந்து, அட்டையைப் படித்து
நிமிர்ந்து கேட்கிறாள்:
"பொறு என்ன விலை?"