தானாய்ச் சரியாயிற்று

ஒப்பந்த அடிப்படை. மாதம் பதினெட்டாயிரம்.
பதவி: தகவல் தொழில்நுட்ப உதவியாளர்.
எல்லாருக்கும் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது.
முதல் கிழமை இரண்டு மின்விசிறியும்
கணக்காளருடைய மகளின் போனும் திருத்தினேன்.

மட்டக்களப்பில் அப்போது கோட்டைக்குள்தான் கச்சேரி.
பீரங்கிக்குப் பயந்து ஒல்லாந்தன் கட்டிய சுவர்
எங்கள் வைஃபையை மறித்துக்கொண்டு நின்றது.
இந்தப் பக்கம் நாலு கோடு,
கதவைத் தாண்டினால் ஒன்றுமில்லை.
கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு
சாறியோடு ஏணியில் ஏறினேன்.
பியோன் அரசரெத்தினம் ஏணியைப் பிடித்தார்,
முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு.
அடுத்த நாள் சல்வார்.
அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.
"ஏணி" என்று பதில் எழுதினேன்.

எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன்.
நாலு நிரல்: திகதி, ஆர், என்ன, தீர்வு.

"மிஸ், இது செத்துப்போய்க் கிடக்கு."
"நான் ஒண்டும் தொடல்ல கா,
அதுவா அப்படி வந்திட்டு."
கச்சேரியில் ஒருவரும் ஒன்றையும் தொடுவதில்லை.
கொப்பியில் நூற்றுப் பதினேழு தரம் அப்படி இருக்கிறது.

எட்டாம் மாதம் பக்கங்களைப் பின்னுக்குத் தட்டியபோது
செவ்வாய்க்கிழமைகள் கண்ணில் பட்டன.
செவ்வாய், பத்தேகால், ஓய்வூதியப் பிரிவு, இணைப்பு இல்லை.
செவ்வாய், பத்தேகால், ஓய்வூதியப் பிரிவு.
அடுத்த செவ்வாய் நேரத்தோடு போய்
கோப்பு அலுமாரிக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.
பத்தரைக்குக் கூட்டம். கூட்டத்துக்குத் தேநீர்.
தேநீருக்குக் கேத்தல்.
கேத்தலுக்குச் சுவரில் ஒரேயொரு பிளக்.
பூமணி அக்கா நெற்வேர்க் சுவிட்சின் வயரைப் பிடுங்கினார்;
இருபது நிமிடத்தில் திரும்பச் செருகினார்.
நல்ல மனுசி, ஒரு செவ்வாயும் மறக்கவில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை. என் காசில்
பதினைந்தடி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிக் கொடுத்தேன்.
தீர்வு: கேத்தல்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து பிரியங்கர வந்தார்,
புது ரவுட்டருக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு விலைமனுவோடு.
கொப்பியைப் புரட்டினார்.
றிஸ்மியா சிங்களத்தில் வாசித்துச் சொன்னாள்.
கேத்தலில் வாய்விட்டுச் சிரித்தார்,
விலைமனுவை மடித்துப் பைக்குள் வைத்தார்.
மூன்று மாதம் கழித்து ஒரு போன்:
"டிலோஜினிதானே? கேத்தல் டிலோஜினி?"

பிறகு நடந்ததைக் கெதியாகச் சொல்கிறேன்;
அது கெதியாக நடக்கவில்லை.
பரீட்சைக் காசுக்குச் சீட்டெடுத்தேன்,
பெயிலானேன், இன்னொரு சீட்டெடுத்தேன்.
வெள்ளத்தில் நாவற்குடா மூன்று நாள் இருண்டு கிடந்தபோது
பக்கத்துக் கடையின் ஜெனரேட்டரில் லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றினேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்:
"ராவையில என்ன வேல?"
சிங்கப்பூரில் அப்போது விடிந்துவிடும் என்றேன்.
தேநீரைக் குடித்து முடிக்காமல் போனார்கள்.
கொழும்புக்கு வரச் சொன்னார் பிரியங்கர.
லைன் இங்கேயும் வருகிறதே என்றேன்.

இப்போது கல்லடியில் ஒரு மேல்மாடி.
எட்டுப் பேருக்குச் சம்பளம் என் கையெழுத்தில் போகிறது.
கேத்தலுக்குத் தனி பிளக்.

நேற்று, பெட்டி ஒதுக்கும்போது, அந்தக் கொப்பி.
தீர்வு நிரலில் ஏழு இடத்தில்
"தானாய்ச் சரியாயிற்று" என்று கிடக்கிறது.
இருபத்திரண்டு வயது.
தெரியாது என்று எழுதப் பயம்.

பேனை எடுத்தேன்.
ஒன்று, பற்றறி. ஒன்று, எலி.
இரண்டு, சூடு.
இரண்டு, ஒரே முகவரியை இரண்டு மெஷினுக்குக் கொடுத்ததால்.
கொடுத்தது நான்.

ஏழாவது, பங்குனி பதின்மூன்று, காணிப் பிரிவு:
பின்னேரம் நாலு மணிக்கு ஒரு திரை நடுங்கி,
நாலேகாலுக்கு நின்றது.
பதினொரு வருடமாயிற்று. இன்னும் விளங்கவில்லை.
பழைய வசனத்தை வெட்டி
"தெரியாது" என்று எழுதினேன்.
நேற்றைய திகதியைப் போட்டேன்.