விடைக்குறிப்பில் இல்லாத எட்டாயிரத்து எண்ணூறு

மூன்றாவது கணக்குப் புத்தகமும் கூரியரில் வந்துவிட்டது.
முதலாவது டெல்லிக்காரர்களுடையது,
பெட்டி நிறைய வண்ணக் கட்டைகள்,
ஆறாயிரத்து நானூறு ரூபாய்.
சின்னவள் அதில் பத்தைப் படுக்கவைத்துப்
போர்வை போர்த்தியிருக்கிறாள்.
இரண்டாவது, சேலம் ரோடு ஜெராக்ஸ் கடையில்
சுருள்கம்பி போட்டு வாங்கிய அமெரிக்கப் பாடம்.
நேற்றிரவு பனி எத்தனை அங்குலம் பெய்தது
என்று கேட்கும், திருச்செங்கோட்டுச் சித்திரையில்.
"மார்கழிப் பனியை ஸ்கேல் வெச்சு அளக்க முடியுங்களாம்மா?"
என்றான் நவிலன்.
அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஐந்தாம் வகுப்பின் பாதியில் அவனைப்
பள்ளியிலிருந்து நிறுத்தியபோது
மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள்,
"ஏனுங்க, பீஸ் கட்ட முடியலீங்களா?" என்றார்கள்.
ஆமாங்க என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

இலக்கணத்துக்கு மட்டும் ஒன்றும் வாங்கவில்லை.
தெரியாத ஒன்றில்
நல்லது எது என்று எப்படிப் பொறுக்குவது?
ஒற்று மிகுமா மிகாதா என்ற இடம் வந்தால்
கையெழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கிப்
புள்ளி இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் எழுதியே
பி.காம். வரைக்கும் பிழைத்தவள் நான்.

பிரிட்ஜ் கதவில் அட்டவணை:
ஒன்பது கணக்கு, பத்து இலக்கணம், பதினொன்று எழுத்து.
எழுத்து நோட்டில் நான்கு நாளாய்
'நான் விரும்பும் பருவகாலம்' என்ற தலைப்பும்
அதன் கீழே இரட்டை அடிக்கோடும்.

வியாழக்கிழமை பூபதி சித்ரதுர்காவிலிருந்து
போர் பில்லைப் படம் பிடித்து அனுப்பினார்,
கணக்கில் ஏற்றச் சொல்லி, எனக்கு.
புத்தகத்தை மூடிவிட்டு அதை நவிலனிடம் நீட்டினேன்.
அறுநூற்று நாற்பது அடி.
முதல் முந்நூறுக்கு, அடி எண்பது ரூபாய்.
அதற்குக் கீழே ஒவ்வொரு நூறடிக்கும் பத்துப் பத்தாய் ஏறும்.
குப்புறப் படுத்துக்கொண்டு
தாளின் அடிவரைக்கும் இறங்கினான்.
ஐம்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.
பில்லில் ஐம்பதாயிரம்.

திரும்பவும் போட்டான்.
கட்டைகளைப் பிடுங்கி அடுக்கிப் பார்த்தான்,
சின்னவள் அழுதாள்.
பிறகு போன் போட்டான்.
"அப்பா, எட்டாயிரத்து எண்ணூறு எங்கீங்க?"
அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இரைச்சல்.
"தண்ணி வரல சாமி. தூசிதான் வந்துச்சு.
அந்த ஆளு பணத்த ரெண்டு தடவை எண்ணிப்போட்டு
நின்னுட்டே இருந்தாரு."
"டீசல்?"
"எரிஞ்சது எரிஞ்சதுதான்."
"அப்ப என்ற கணக்குத் தப்புங்களா?"
"உன்ற கணக்கு சரி கண்ணு" என்று கத்தினார்,
அதற்குமேல் சிக்னல் இல்லை.

பதினொரு மணி ஆகவில்லை. யாரும் சொல்லவில்லை.
பருவகாலத்தை அடித்துவிட்டு எழுதினான்:
அறுநூற்று நாற்பது அடி போட்டார்கள்.
தண்ணீர் வரவில்லை. தூசிப் பறந்தது.
அந்த ஆள் நின்றுகொண்டே இருந்தார்.
அப்பா குறைத்துக்கொண்டார்.

தூசிப் பறந்தது.
அந்த 'ப்'பில் என் கண் இடறியது.
சமைக்காமல் பன்னிரண்டு மணி வரை தேடினேன்.
எழுவாய்க்குப் பின்னால் வல்லினம் மிகாதாம்.
தூசிப்படலம் என்றால் ஒட்டும்,
தூசி பறந்தது என்றால் விட்டுவிட வேண்டும்.
"பறக்கறதப் புடிச்சு எதுக்குடா கட்டிவெக்கற?" என்றேன்.
சிரித்தான், அழித்தான்.
அவனுக்குப் பதினொன்றில் புரிந்தது,
எனக்கு முப்பத்தாறில்.

கணக்கு நோட்டில் விடைக்கான கோட்டின்மேல்
இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறான்.
"ரெண்டுக்கும் டிக் போடுங்கம்மா."
மூன்று புத்தகத்தின் விடைக்குறிப்பையும் எனக்குத் தெரியும்,
எல்லாம் ஒற்றை எண்கள்.
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்,
குக்கர் கூப்பிட்டது, எழுந்து போனேன்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம்.
இன்று ஐந்து.
வந்த அட்டைப்பெட்டி வேண்டுமாம்.
சின்னவளின் பத்துக் கட்டைகளும்
இப்போது அதற்குள்தான் தூங்குகின்றன.