பதினேழாம் கேள்வி

நார்த் டகோட்டாவில் மார்ச்சிலும் பனி.
மானிய விண்ணப்பத்தில்
மார்லிஸ் ட்வைட் பதினேழாம் கேள்வியில் நிற்கிறாள்:
கடந்த ஆண்டு கட்டடத்துக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்?

கதவுக் கருவி நாலாயிரத்துப் பன்னிரண்டு என்கிறது.
காற்று தள்ளித் திறந்ததும் அதில் சேர்த்தி.

ஆல்டன் சேர்த்தியில்லை.
நூலக வாசலில் ஆறு படி.
அவர் சக்கர நாற்காலி முதல் படியையே பார்த்ததில்லை.
செவ்வாய்தோறும் ட்ரக்கை ஓரங்கட்டி
ஒரே ஒரு ஹார்ன்.
கோட்டு மாட்டாமல் இவள் ஓடுவாள்,
இரண்டு துப்பறியும் நாவல்,
ஒரு டிராக்டர் பத்திரிகை.
ஒன்பது வருஷமாக.

சாய்தளம் கேட்கும் படிவத்தில்
உள்ளே வர முடியாதவரை எழுதக்
கட்டமே இல்லை.

வெளியே ஹார்ன்.
இன்று புத்தகங்களோடு
படிவத்தையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறாள்,
பேனா பல்லிடுக்கில்.